மச்சானையும் துரையையும் கூடாரத்துக்கு அழைத்த கதை

எங்கள் கொங்குப் பக்கத்தில் ஒருவருடைய வரப்பை வெட்டி நகர்த்திவிட்டுக்கூடப் பிறகு சமாதானமாகிவிடலாம். கோர்ட்டு இருக்கிறது, ஊர்ப் பெரியவர்கள் இருக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் மேலாக மறதி இருக்கிறது. ஆனால் வாசலுக்கு வந்தவரை "வாங்க" என்று கேட்காமல் விட்டால் அதற்கு மேல்முறையீடு கிடையாது.

வீட்டுக்காரர் நேரில் வந்து, முகத்தைப் பார்த்து, ஒவ்வொருவராக "வாங்க" கேட்க வேண்டும். கும்பலைப் பார்த்துப் பொதுவாக "எல்லாரும் வாங்க" என்றால் அது பஸ் கண்டக்டர் வேலை. "பொண்ணோட அப்பன் என்னையப் பாத்தான், ஆனா கேக்கல" என்று சொல்லிவிட்டு, கல்யாணப் பந்தியில் பரிமாறிய இலையை அப்படியே விட்டு எழுந்துபோன ஒரு பெரியவரை நானே பார்த்திருக்கிறேன். அவர் மாப்பிள்ளையின் தாத்தா.

இந்தச் சட்டத்தின் கீழ்தான் நானும் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி சாந்தாமணியின் அண்ணன் பெயர் பொன்னுசாமி. பெரியநாயக்கன்பாளையத்தில் பம்புசெட்டுக்கு உதிரிபாகம் வார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா போன பிறகு அவருக்கென்று இருப்பது தங்கை ஒருத்தி, பட்டறை ஒன்று, அப்புறம் துரை. துரை கோதுமை நிறத்தில் ஒரு லேப்ரடார் நாய். ஏறக்குறைய மச்சானின் எடையே இருக்கும். முகத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதல் கனிவு. மச்சான் அவனை ஒருமையில் அழைத்து யாரும் கேட்டதில்லை. "உக்காருங் தொரை", "போதுமுங்களா தொரை, இன்னொரு வாய் போடட்டுங்களா?" என்றுதான் பேசுவார். (என்னிடம் பேசும்போது இத்தனை 'ங்க' வராது. நான் எண்ணியதில்லை, ஆனால் தெரியும்.)

எங்கள் புது வீட்டுப் புண்ணியார்ச்சனைக்கு மச்சான் துரையோடு வந்து இறங்கினார். உள்ளே ஓமப்புகை, வெளியே சொந்தபந்த ஒறம்பரைக் கூட்டம், பந்தலில் பால் காய்ச்சும் பரபரப்பு. நான் முறைப்படி ஓடிப்போய், "வாங்க மச்சான்" என்று கேட்டேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். படித்தவன் அல்லவா, ஒரு வாக்கியம் கூடுதலாகப் பேசினேன்.

"தொரைய மட்டும் காருலயே உட்டுட்டு வாங்க."

"அப்புடீங்களா" என்றார் மச்சான்.

எங்கள் பக்கத்தில் 'அப்புடீங்களா' என்பது கேள்வி அல்ல. போருக்கு முன் ஊதும் சங்கு. காரைத் திருப்பிக்கொண்டு போனவர்தான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படியேறவில்லை. தங்கையிடம் தினமும் போனில் பேசுவார். என்னிடம் ஒரு சொல் கிடையாது. நான் போனை எடுத்துவிட்டால், மறுமுனையில் துரை மூச்சுவிடுவதுபோல ஒரு சத்தம் மட்டும் கேட்கும்.

இப்படியே சில வருடங்கள் ஓடின. நானும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. பேசாத மச்சான் என்பது ஒரு வசதி என்றுகூட நினைத்தேன். பிறகு எங்கள் மகள் கீர்த்திக்குக் கல்யாணம் நிச்சயமானது.

தாய்மாமன் இல்லாமல் எங்கள் கல்யாணம் நடக்காது. நடக்கும், ஆனால் நடந்தது என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பெண்ணுக்கு மாமன் செய்ய வேண்டிய சீர் இருக்கிறது. அதற்கு வேறொருவரை நிறுத்தினால், மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் சாப்பாட்டை மறந்துவிட்டு அதையே பார்ப்பார்கள். ஆனால் சாந்தாமணி சொன்னது வேறு. ஒரு நாள் காய் அரிந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"ஊரு பேசறதப் பத்தி எனக்கு ஒண்ணுமில்லீங்க. எம்பொறந்த ஊட்டுல இருந்து அந்த மேடைல நிக்கறதுக்கு அவரு ஒருத்தருதான் பாக்கி. அவரும் வரலீன்னா, நான் ஆரோ பெத்துப்போட்டுட்டுப் போன புள்ளையாட்டம் நிப்பேன்."

அன்றைக்குப் பொரியலில் உப்பில்லை. நான் அதை அப்படியே சாப்பிட்டு முடித்தேன்.

வழி கண்டுபிடித்தவள் கீர்த்திதான். கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. எதையும் பெட்டி பெட்டியாகப் பிரித்து யோசிப்பாள்.

"மாமா நம்மூட்டுக்கு வரமாட்டாரு. நாம அவங்கூட்டுக்குப் போனா வாங்கன்னு கேக்கமாட்டாரு. அப்ப ரெண்டு பேருக்கும் ஊடில்லாத எடத்துல பாத்தாத்தானுங்கப்பா ஆகும். அதும் தொரையோட போற எடமா இருக்கோணும்."

சண்டை போடும் நாடுகள் மூன்றாவது நாட்டில் கூடிப் பேசுவதுபோல. நான் அசந்துபோனேன்.

உடுமலைக்குத் தெற்கே மலையடிவாரத்தில், ஒரு குளத்தங்கரைத் தென்னந்தோப்புக்குள் அப்படி ஓர் இடம் இருந்தது. கிளாம்பிங் என்கிறார்கள். கூடாரத்தில் தங்குவதுதான், ஆனால் கூடாரத்துக்குள் கட்டில், ஏசி, ஆளுயரக் கண்ணாடி, குளியலறையில் வெந்நீர் எல்லாம் உண்டு. கஷ்டப்படுவதற்கான சகல வசதிகளும் செய்துகொடுத்திருந்தார்கள். சிறப்பு என்னவென்றால், நாயோடு வருகிறவர்களுக்குத்தான் அங்கே முன்னுரிமை. ஒவ்வொரு பெரிய கூடாரத்துக்குப் பக்கத்திலும் ஒரு குட்டிக் கூடாரம், அதற்குள் ஒரு குட்டி மெத்தை. இதே முதலாளிகளுக்குக் கடற்கரையில் இன்னொரு இடம் இருக்கிறதாம். அங்கே நாய்கள் அலையில் விளையாடிவிட்டு வந்தால் உப்பு போகக் குளிப்பாட்டியும் விடுவார்களாம். என் வாழ்நாளில் என்னை யாரும் அப்படிக் குளிப்பாட்டி விட்டதில்லை.

சாந்தாமணி அண்ணனிடம் போனில் பேசினாள். "தொரைக்கு ஒரு மாறுதலா இருக்கும், வாரோம்" என்றாராம். 'வாரோம்' என்ற பன்மையைக் கேட்டு நாங்கள் மூவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம்.

நாங்கள் முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிட்டோம். சாந்தாமணி அண்ணனுக்குப் பிடித்த அரிசிம்பருப்புச் சாதத்தைத் தூக்குப்போசி நிறைய செய்து கொண்டுவந்திருந்தாள். கூடாரத்துக்குள் நுழைந்ததும் எனக்கு ஒரு சட்டச் சிக்கல் தோன்றியது. இது யாருடைய வீடும் இல்லையே, இங்கே யார் யாரை "வாங்க" கேட்பது?

"இதென்னங்க கேள்வி? கூப்புட்டது நாம. நீங்கதான் கேக்கோணும்" என்றாள் சாந்தாமணி. "கார் நிக்கறதுக்குள்ள போயி நிக்கோணும். அவரு கால கீழ வெக்கறதுக்கு முன்னாடி கேட்டுப்போடோணும். போன தடவ மாதிரி எச்சா ஒரு வார்த்தை பேசுனீங்க, அப்பறம் பாருங்க."

"மன்னிப்புக் கேக்க வேண்டாமா?"

"கேளுங்க. தொரையப் பத்தி மட்டும் வாயத் தொறக்காதீங்க."

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. தென்னை மரங்களுக்கு நடுவே நடந்து நடந்து ஒத்திகை பார்த்தேன். கல்லூரியில் பாடம் நடத்துகிறவன் நான். பேசுவது எனக்குத் தொழில். ஆனால் அன்றைக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

மச்சானின் கார் மண்பாதையில் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. கண்ணாடி முழுக்கக் கறுப்பு. பட்டறை முதலாளிகள் டிரைவருக்குப் பக்கத்தில், இடப்பக்கத்து முன்சீட்டில்தான் உட்காருவார்கள் என்பது ஊரறிந்த விஷயம். நான் ஓடினேன். வண்டி நிற்கும்போதே கதவைத் திறந்துவிட்டேன். பணிவு முக்கியம் என்பதால் தலையைக் குனிந்து, கண்ணைத் தரையில் வைத்து, இரண்டு கைகளையும் கூப்பினேன்.

"வாங்க மச்சான்! வாங்க! பழசு ஒண்ணையும் மனசுல வெச்சுக்காதீங்க. தப்பு என்ற மேலதான். நீங்க வந்து நிக்காம நம்ம கீர்த்திக்குக் கண்ணாலம் இல்லீங்க. உங்க கால்ல வேணும்னாலும் உழுகறேன்."

பதில் வரவில்லை. ஆனால் கூப்பிய என் கைகளில் வெதுவெதுப்பாக ஈரம் பட்டது. மச்சான் கண்ணீர் விடுகிறார் என்று நினைத்தேன். கல்நெஞ்சர் என்று இவரையா நினைத்தோம் என்று நானும் உருகிப்போனேன். கண் கலங்க, மெதுவாகத் தலையை நிமிர்த்தினேன்.

சீட்பெல்ட் போட்டுக்கொண்டு துரை உட்கார்ந்திருந்தான். என் கையை நக்கி முடித்துவிட்டு முகத்துக்கு வந்தான்.

வண்டியின் மறுபக்கத்தில், டிரைவர் சீட்டிலிருந்து தானே இறங்கிய மச்சான், பானெட்டுக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். (டிரைவருக்குத் துரை என்றால் பயமாம். வேலையை விட்டுப் போய்விட்டாராம். இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.)

அந்த இடத்தை நடத்தும் ரோஸ்லின் என்ற அம்மா அப்போதுதான் சிரித்த முகத்தோடு வந்தார். வால்பாறைக்காரர். "துரை சார், வெல்கம்!" என்று துரையின் கழுத்தில் ஒரு பூப்போட்ட கைக்குட்டையைக் கட்டிவிட்டார். என்னையும் மச்சானையும் பார்த்து, சாமான் தூக்க வந்தவர்களைப் பார்ப்பதுபோல லேசாகத் தலையசைத்தார்.

மச்சான் துரையைப் பார்த்துப் பேசினார். எனக்குக் கேட்க வேண்டிய அளவு சத்தமாக.

"ஏனுங் தொரை, உங்க பஞ்சாயத்துத் தீந்துதுங்களா? உங்க மாப்ள கால்ல உழுகறன்னே சொல்லிப்போட்டாரு. செரி, உடுங்க. நம்மளத்தான் ஆரும் வாங்கன்னு கேக்கல."

"ஐயோ, உங்களத்தானுங்க மச்சான்! வாங்க, வாங்க!"

"நமக்கு மிச்சம் மீதி எதுக்குங் தொரை" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு துரையோடு தன் கூடாரத்துக்குள் போனார். வீட்டுக் கதவாக இருந்தால் படாரென்று சாத்தியிருப்பார். கூடாரத்துக்கு ஜிப்புதான். அது மேலிருந்து கீழாக, மிக நிதானமாக, ஒவ்வொரு பல்லும் கேட்கும்படி மூடிக்கொண்டது. அவ்வளவு நீளமான அவமானத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

சாந்தாமணி தூக்குப்போசியின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடினாள். கீர்த்திதான், "அப்பா, நீங்க பேசுனது பூராவும் நல்லா இருந்துச்சுங்க" என்றாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு கூடாரத்துக்குப் பின்னால் ஓடினாள்.

நான் மச்சானின் கூடாரத்துக்கு முன் போய் நின்றேன். தட்டலாம் என்றால் கதவு இல்லை. துணியில் தட்டினால் சத்தம் வரவில்லை, குழி விழுந்தது. நாமாக உள்ளே போகலாம் என்றால், இப்போது அது அவர் வீடு. அவர் "வாங்க" கேட்காமல் நான் எப்படி நுழைவது? அவரோ நான் கேட்காததால் கோபித்துக்கொண்டு உள்ளே இருக்கிறார். ஒரு ஜிப்புக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர், ஆளுக்கு ஒரு "வாங்க" பாக்கியோடு நின்றுகொண்டிருந்தோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க மச்சான்..."

"தொரை, வெளிய ஆரோ நிக்கறாங்களாட்டம் இருக்குதுங்" என்றது கூடாரம்.

"நான்தானுங்க. சாந்தாமணி அரிசிம்பருப்புச் சோறு கொண்டாந்திருக்கறா. சித்த வந்து..."

"நமக்குப் பசியில்லீன்னு சொல்லீருங்க தொரை. பொழுது சாஞ்சதீம் கெளம்பீறலாம். கண்ணாலத்துக்கு எங்கிருந்தாலும் மனசார ஆசீர்வாதம் பண்ணிக்கலாம்."

எங்கிருந்தாலும் ஆசீர்வாதம் என்றால் மண்டபத்துக்கு வரமாட்டார் என்று அர்த்தம். திரும்பிப் பார்த்தேன். சாந்தாமணி கூடார வாசலில் நின்று அதைக் கேட்டுவிட்டிருந்தாள். நான் பார்ப்பது தெரிந்ததும் முந்தானையால் ஒரு டம்ளரைத் துடைக்க ஆரம்பித்தாள். அது துடைத்த டம்ளர்தான்.

கொஞ்ச நேரத்தில், ஜிப்புக்கு அடியில் மூக்கை நுழைத்துத் துரை மட்டும் வெளியே வந்தான். சாந்தாமணி என்னிடம் வந்தாள்.

"கொளத்துப் பக்கம் கூட்டிட்டுப் போயி நாலு நட நடத்திக் கூட்டியாங்க. தொரை கிட்ட நல்ல பேரு வாங்குனா, அண்ணங்கிட்ட வாங்குன மாதிரி."

எனக்கு நாய் என்றால் பயம் என்பதை நான் இதுவரை இந்தக் கதையில் சொல்லவில்லை. சாந்தாமணியிடமும் சொன்னதில்லை. மறுக்க முடியவில்லை. குளத்தங்கரையில் கயிறில்லாமல் நாய்கள் போகக்கூடாது என்பது ரோஸ்லின் அம்மாவின் சட்டம். அவரே ஒரு நல்ல கயிறு கொடுத்தார். இந்த நாய் தொலைந்தால் கல்யாணமும் தொலைந்தது என்று எனக்குத் தெரியும். ஆகவே கயிற்றை மணிக்கட்டில் சுற்றி, மேலும் சுற்றி, ஒரு முடிச்சும் போட்டுக்கொண்டேன்.

குளம் அழகாகத்தான் இருந்தது. மேற்கே மலை நீலமாக நின்றது. பெங்களூரிலிருந்து வந்த ஒரு இளம் தம்பதி, நாற்காலி போட்டுத் தங்கள் குட்டி நாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் துரையிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். ஒருமையில் பேச வாய் வரவில்லை. "காத்து நல்லா இருக்குதுங்களா?" என்றேன். துரை ஏறிட்டுப் பார்த்தான். ஏதோ ஒரு புரிதல் உண்டாகிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து, நாணலுக்குள்ளிருந்து ஒரு நீர்க்கோழி எழும்பிப் பறந்தது.

லேப்ரடார் என்பது தண்ணீருக்கென்றே வளர்க்கப்பட்ட ஜாதி என்று எப்போதோ படித்திருக்கிறேன். படித்தது எதுவும் தேவைப்படும் நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை. துரை பாய்ந்தான். பின்னாலேயே நானும் பாய்ந்தேன். என் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. கரையிலிருந்த ஒரு கருவேல முள் என் வேட்டியைப் பிடித்து நிறுத்தப் பார்த்தது. வேட்டி நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. குப்புற விழுந்து, வாய் நிறையக் குளத்தை வாங்கிக்கொண்டு, தண்ணீருக்குள் இழுபட்டுப் போனேன். எனக்கு நீச்சல் தெரியாது. செத்துவிட்டேன் என்றே முடிவு செய்தேன். மனைவி பெயர், மகள் பெயர், குலதெய்வத்தின் பெயர் என்று ஆயிரம் இருக்க, என் வாயில் வந்தது இதுதான்:

"மச்சான்! காப்பாத்துங்க மச்சான்!"

ஜிப்பு சரட்டென்று ஒரே இழுப்பில் திறந்த சத்தம் குளத்தின் நடுவே எனக்குக் கேட்டது. மச்சான் ஓடிவந்தார். பின்னாலேயே சாந்தாமணி, கீர்த்தி, ரோஸ்லின் அம்மா. நான் கையைக் காலை அடித்துக்கொண்டு முழுகி முழுகி எழுந்தேன். கரைக்கு வந்த மச்சான் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, புண்ணியார்ச்சனை நாளுக்குப் பிறகு முதல் முறையாக, துரை வழியாக அல்லாமல், நேராக என்னிடமே பேசினார்.

"எந்திரிச்சு நில்லுங்க மாப்ள. மொழங்காத் தண்ணிதான்."

காலை ஊன்றிப் பார்த்தேன். உண்மைதான். சேறு தட்டியது. ஆனால் நான் எழவில்லை. நெஞ்சளவு தண்ணீரில் சேற்றிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

"எந்திரிக்க முடியாதுங்க மச்சான்."

"ஏனுங், கால் கீது பிசகிப்போச்சுங்களா?"

"வேட்டி இல்லீங்க."

பெங்களூர்த் தம்பதி தங்கள் நாயின் முகத்தை வேறு பக்கம் திருப்பினார்கள். துரை நீர்க்கோழியைக் கைவிட்டுவிட்டு, என்னைச் சுற்றி ஆனந்தமாகத் துள்ளிக்கொண்டிருந்தான்.

மச்சான் திரும்பிப் போனார். அவ்வளவுதான், கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் மடிப்புக் கலையாத ஒரு வேட்டியோடு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்காலளவு தண்ணீருக்குள் இறங்கி நடந்து வந்து, வேட்டியைப் பிரித்து, ஊருக்கும் எனக்கும் நடுவே திரையாகப் பிடித்தார். முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் எழுந்து கட்டிக்கொள்ளும்போதுதான் என் மணிக்கட்டைப் பார்த்தார். கயிறு இறுகி, தோல் சிவந்திருந்தது.

"இத்தன நேரமும் கயித்த உடலீங்களா?" குரல் வேறு மாதிரி இருந்தது.

"உட முடியலீங்க மச்சான். முடிச்சுப் போட்டு வெச்சிருந்தனுங்க. அதான்..."

"உசுரே போனாலும் தொரைய உடக்கூடாதுன்னு முடிச்சுப் போட்டுட்டீங்க."

"அப்படி இல்லீங்க, அவுக்கத் தெரியல..."

"போதும் உடுங்க மாப்ள. இதுக்கெல்லாம் சமாதானம் சொல்லீட்டு." அவரே குனிந்து பல்லால் கடித்து அந்த முடிச்சை அவிழ்த்தார். நான் உண்மையைச் சொல்லச் சொல்ல, என் தன்னடக்கம்தான் கூடிக்கொண்டே போனது. இன்றுவரை அவரிடம் அந்த உண்மை எடுபடவில்லை.

மச்சானின் வேட்டியைக் கட்டிக்கொண்டு, தலையில் ஒரு நாணல் துண்டோடு நான் எங்கள் கூடாரத்துக்கு வந்தபோது, அவர் எனக்கு முன்னால் போய்த் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். ஈரத்தோடு துரை பக்கத்தில். நான் பதறிப்போய்க் கை கூப்பினேன். "வா..." என்று ஆரம்பிப்பதற்குள் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் காலைலயே கேட்டீங்களாமா. தொரை சொன்னாரு. சாந்தா, பசிக்குது. போடு."

சாந்தாமணி போட்டாள். கரண்டி தூக்குப்போசியில் பட்டு டங்கென்று சத்தம் எழுந்தது. இன்னொரு முறை போட்டாள். போதும் போதும் என்று அவர் கையை வைத்து மறைத்தும் போட்டாள். பிறகு நெய்க்கிண்ணத்தைத் தேடுகிறவள்போல எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூடாரத்துத் துணியைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். நெய்க்கிண்ணம் என் முன்னால்தான் இருந்தது. நான் அதை எடுத்துக் கொடுக்கவில்லை. வாழ்க்கையில் நான் புத்திசாலித்தனமாக நடந்துகொண்ட தருணங்களில் அதுவும் ஒன்று.

சாப்பிட்டு முடித்து மச்சான் கேட்டார்: "அம்மணி கீர்த்தி, மண்டபத்துல தொரைக்கு ஒரு ஃபேனுக்கடியா எடம் கெடைக்குமுங்களா?"

"முன்வரிசைலயே இருக்குதுங்க மாமா" என்றாள் கீர்த்தி.

தை மாதம் கல்யாணம் நடந்தது. தாய்மாமன் மேடையில் நின்று எல்லாச் சீரும் செய்தார். சாந்தாமணி அண்ணனுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றாள். கல்யாண ஆல்பத்தில் அவள் அழகாக இருப்பது அந்த ஒரு படத்தில்தான் என்று அவளே சொல்வாள். நான் எங்கே என்று கேட்காதீர்கள். வரவேற்பில் நின்று வந்தவர்களை ஒவ்வொருவராக, முகத்தைப் பார்த்து, ஆள் யார் என்று உறுதி செய்துகொண்டு, "வாங்க" கேட்டுக்கொண்டிருந்தேன். வரிசை ரோடு வரைக்கும் நின்றதாகச் சொன்னார்கள்.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டு வாசலில் கார் வந்து நின்று நான் எழுந்தால் போதும், சாந்தாமணி உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்: "ஏனுங்க, ஆருன்னு பாத்துட்டுக் கும்புடுங்க!" என் மருமகன் மரியாதை தெரிந்த பையன். இந்தக் கதையைப் பற்றி இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை, சிரித்ததும் இல்லை. ஆனால் எங்கள் வீதி திரும்பும்போதே காரின் நான்கு கண்ணாடியையும் கீழே இறக்கிவிட்டு, மழையானாலும் வெயிலானாலும், தான் எந்தச் சீட்டில் உட்கார்ந்திருக்கிறான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்படி, மெதுவாகத்தான் வருகிறான்.